ஸ்லீவுக்குள் வெந்த வயர்

கார் வரிசையிலேயே செத்துவிட்டது.

பந்தய மைதானத்தில் ரெண்டாவது ஓட்டத்துக்கான வரிசை. முன்னால் மூன்று கார்கள் நின்றன. பின்னால் ஆறு. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"தள்ளுங்கப்பா, ஓரமாத் தள்ளுங்க! பின்னாடி இருக்கறவன் என்ன பாவம் பண்ணான்?" என்று கொடிக்காரர் கத்தினார்.

தள்ளினார்கள். காரை ஓட்டும் விசாகன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி முன் டயரை ஒரு உதை விட்டான்.

"இருபது நிமிஷம் முன்னாடி இதே வண்டிதான் அத்தனை பேரையும் அடிச்சுட்டு வந்துச்சு. ஓடும்போது சாகல. சும்மா நிக்கும்போது எப்படிண்ணா சாகும்?"

கேள்வி சென்னியப்பனுக்கு. காருக்கு வயரிங் செய்தவர் அவர்தான். வயது நாற்பத்து மூன்று. அவிநாசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபது வருஷம் பேனல் போர்டுகளுக்கு வயர் இழுத்தவர். அதை விட்டுவிட்டு, ரேஸ் கார் வயரிங் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவிடம் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. ஜெசிந்தா அவரை அண்ணா என்பார். அவர் ஜெசிந்தாவை மாஸ்டர் என்பார். ரெண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

இது அவர் தனியாகச் செய்த முதல் கார்.

"பார்க்கறேனுங்க தம்பி," என்றார்.

"பாருங்க. ரெண்டாவது ஓட்டத்துலயும் நின்னுச்சுன்னா, நாளைக்கு இந்த வண்டி வேற ஷெட்ல நிக்கும். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

சென்னியப்பனிடம் வேறு கார் இல்லை. மில்லும் இப்போது இல்லை.

போட்டி நடத்துகிறவர் வந்து பார்த்தார். கடைசி ஆளாக விடுகிறேன், ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் வராவிட்டால் காலையில் ஓடியதும் கணக்கில் வராது என்றார். சொல்லிவிட்டுக் குடையோடு போய்விட்டார்.

சென்னியப்பன் பானெட்டைத் திறந்தார். அடுப்புக்கு மேல் குனிந்த மாதிரி முகத்தில் சூடு அடித்தது. இன்ஜின் பக்கவாட்டில் நான்கு குழாய்கள் வளைந்து இறங்கும். எரிந்த புகை அந்த வழியாகத்தான் வெளியே போகும். ஹெடர் என்பார்கள். அதை ஒட்டி ஒரு வயர்க் கட்டு, கோடு போட்டதுபோல நேராகப் போயிருந்தது. விரற்கடைக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, மேலே தங்கக் கலர் ஸ்லீவ். சூடு தாங்கும் உறை. வெளிநாட்டுச் சரக்கு.

ஸ்லீவில் ஒரு கீறல் இல்லை. பளபளவென்று இருந்தது.

பிளேடால் கிழித்தார். உள்ளே இன்ஜினின் சுற்றைக் கண்டுபிடிக்கும் சென்சார் வயர் ரெண்டும் கமர்கட் மாதிரி இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

பிறகு ஜெசிந்தாவைத் தேடிப் போனார்.

ஜெசிந்தா வேறொரு காருக்கு ஃபியூஸ் மாற்றிவிட்டு, டயர் மேல் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார். கடலையோடு எழுந்து வந்தார்.

"மாஸ்டர், இதைவிட நல்ல ஸ்லீவ் எதுங்க?"

ஜெசிந்தா, கிழித்ததில் மிச்சமிருந்த ஸ்லீவ் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"விரல்ல மாட்டுங்கண்ணா."

மாட்டினார்.

"ஹெடரைத் தொடுங்க."

"சூடா இருக்குதுங்களே."

"அதுக்குத்தானே ஸ்லீவு? தொடுங்க."

தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. சென்னியப்பனுக்கு முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"தாங்குதுங்க!"

"எடுக்காதீங்க."

ஜெசிந்தா ஒரு கடலையை உரித்து வாயில் போட்டார். இன்னொன்றை உரித்தார். மூன்றாவதை உரிப்பதற்குள் சென்னியப்பன் கையை உதறிப் பின்னால் குதித்தார்.

"ஸ்லீவ் எரிஞ்சுதா?"

"இல்லீங்க."

"அப்ப எதுக்கு எடுத்தீங்க?"

சென்னியப்பன் விரலை ஊதிக்கொண்டார்.

"ரெண்டு ஸ்லீவ் போட்டா தாங்குமுங்களா?"

"இன்னும் நாலு கடலை தின்னிருப்பேன். அவ்வளவுதான்."

விசாகன் அந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்தான். "இங்க நேரம் ஓடுது. நீங்க கடலை தின்னுட்டு விரலைச் சுட்டு விளையாடறீங்க. நல்லா இருக்கு."

ஜெசிந்தா கையிலிருந்த கடலைத் தோலை உதறினார்.

"ஸ்லீவைக் கழட்டுங்கண்ணா. வெறுங்கையை ஹெடர்கிட்ட காட்டுங்க. தொட வேண்டாம். எங்க வச்சா கை சும்மா இருக்குதுன்னு பாருங்க."

சென்னியப்பன் உள்ளங்கையைக் காட்டினார். இழுத்தார். இன்னும் இழுத்தார். குழாய்களுக்கு மேலே சூடு ஏறி வந்தது, அங்கே கை நிற்க முடியவில்லை. பக்கவாட்டில் கொண்டுபோனார். பேட்டரியைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தகரத்தின் ஓரத்தில் கை நின்றது.

"இங்க நிக்குதுங்க."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"எவ்வளவு நேரம் வேணாலும் நிக்குமுங்க."

"வயர் அங்க போகட்டும்."

சென்னியப்பன் தன் வயர்க் கட்டைப் பார்த்தார். நான்கு நாள் வேலை. ஒரு வயர் இன்னொன்றின் மேல் ஏறாது. டை எல்லாம் ஒரே பக்கம் முடிச்சு, ஒரே அளவு வெட்டு. மில்லில் அவர் செய்த பேனலை வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற இரும்போடு சேர்த்து நேராக இறுக்கிக் கட்டு என்பது இருபது வருஷப் பழக்கம். இங்கே பக்கத்தில் இருந்த இரும்பு, ஹெடரைத் தாங்கும் பட்டை.

"மாஸ்டர், அங்க சுத்திப் போனா ரெண்டு முழம் கூடுதலா வேணுமுங்க. வளைஞ்சு வளைஞ்சு போகும். பார்க்கச் சகிக்காதுங்க."

"ஆமா."

"மில்லுல எல்லாம் இப்படித்தானுங்க இரும்போட சேர்த்துக் கட்டுவோம்."

"மில்லுல அந்த இரும்பு சும்மா இருக்கும்ணா. இங்க அது வேலை செய்யுது."

சென்னியப்பன் கட்டரை எடுத்தார். முதல் டையை வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் வேகமாக வெட்டினார்.

வெந்ததை எடுத்துவிட்டுப் புது வயர் இழுத்தார். பேட்டரியைச் சுற்றி, தகரத்தின் ஓரமாக, இன்ஜின் ஆடினாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டு.

"ஸ்லீவ் வேண்டாமுங்களா?"

"போடுங்க. தள்ளி வச்சாச்சே, இப்ப அது உதவும். வயரோட தோல்ல ஒட்டாம கொஞ்சம் தளர்வா."

விசாகன் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணா இது, துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்குது?"

"ஆமாங்க தம்பி," என்றார் சென்னியப்பன். "அப்படித்தானுங்க இருக்கணும்."

சாவியைத் திருப்பினான். முதல் சுற்றிலேயே பிடித்தது. மைதானத்துக்கு வெளியே மண் ரோட்டில் நாலு தடவை வேகமாக ஓட்டிப் பார்த்தான். நிற்கவில்லை.

கார் ரெண்டாவது ஓட்டத்தை முடித்ததா என்றால், முடித்தது. ஐந்தாவது இடம். அதைக் கடைசிவரை மறைத்து வைத்து இழுக்க எனக்குப் பொறுமை இல்லை. சொல்ல வந்தது, அந்த ஓட்டத்துக்கு முன்னால் மறுபடி வரிசையில் நின்ற நேரத்தைப் பற்றி.

வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் பானெட்டை மூடிவைத்துவிடுவார்கள். ஹெடரை எப்படி வளைத்திருக்கிறான், எந்த அளவில் வளைத்திருக்கிறான் என்று அடுத்தவன் பார்த்துவிடக் கூடாது. விசாகனின் ஹெடர் அவன் மாமா பட்டறையில் ஆறு மாதம் உட்கார்ந்து செய்தது. காலையில் முதல் ஓட்டம் முடிந்து, கொதிக்கக் கொதிக்க வந்த காரை வரிசையில் நிறுத்தியதும் அவன் செய்த முதல் வேலை, சென்னியப்பன் திறந்த பானெட்டை மூடச் சொன்னதுதான். சென்னியப்பன் மூடினார். பூட்டும் போட்டார்.

இப்போது கார் மறுபடி வரிசைக்கு வரும்போது சென்னியப்பன் கேட்டார். "மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க. நாலு நிமிஷம் அந்த ஓட்டம் ஓடுச்சே, அப்ப ஏனுங்க உருகல?"

"ஓடும்போது என்ன இருந்துச்சு?"

சென்னியப்பன் யோசித்தார்.

"காத்துங்க."

"நின்னப்ப?"

அவர் பானெட்டின் பூட்டைப் பார்த்தார்.

இப்போது முன்னால் ஐந்து கார்கள். மண் ரோட்டில் விரட்டியதில் ஹெடர் மறுபடி கொதித்துக்கொண்டிருந்தது. கார் நின்றதும் சென்னியப்பன் பானெட்டைத் தூக்கிக் கம்பியைக் கொடுத்து நிறுத்தினார். உள்ளேயிருந்து அலையலையாகச் சூடு மேலே போனது.

முன் காரின் ஆட்கள் ரெண்டு பேர் திரும்பினார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தபடியே நடந்து வந்தான்.

"என்னங்ணா, கண்காட்சியா? டிக்கெட் உண்டா?"

"பார்த்துக்கோங்க," என்றார் சென்னியப்பன்.

அவன் குனிந்து ஹெடரை நன்றாகவே பார்த்தான். போனை எடுத்தான்.

உள்ளே பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்த விசாகன் அலறினான். "அண்ணா! மூடுங்க! போட்டோ எடுக்கறான்!"

சென்னியப்பன் கை தன்னால் பானெட்டுக்குப் போனது. பிடித்தபடி நின்றுவிட்டார்.

"மூடுங்கன்னு சொல்றேன்ல! வண்டி யாருது, உங்களுதா என்னுதா? நாளைக்கு இந்த வண்டியைத் தொடணுமா வேண்டாமா?"

சென்னியப்பன் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"மாஸ்டர், மூடச் சொல்றாருங்க. என்ன பண்ணட்டுங்க?"

"அவருக்கு எதுமேல பயம்?"

"இவன் பார்த்துடுவான்னுங்க."

"உங்களுக்கு?"

"சூட்டு மேலங்க."

"அப்ப அதைக் கேளுங்க. என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

சென்னியப்பன் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையை உள்ளே விட்டு, வயருக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். பிறகு ஹெடர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். சூடு இன்னும் இறங்கவில்லை.

முன்னால் ஒரு கார் கிளம்பியது. புழுதி வந்து எல்லோர் மேலும் விழுந்தது.

மூன்றாவது தடவையாக விசாகன் மூடச் சொன்னான். இந்தத் தடவை கத்தவில்லை, கெஞ்சினான்.

சென்னியப்பன் மூடவில்லை.