பனையேறிய கோபம்

நல்லாயன்விளையில் சிகாமணி, அறிவானந்தம், ஞானதீபம் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். பெயர் வைத்ததோடு புத்தி விஷயம் முடிந்தது என்று அவர்கள் அப்பா விட்டுவிட்டார். ஆனால் வேதத்தின்படி நடப்பதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு வசனம் காதில் விழுந்தால் அன்றைக்கே செய்து முடித்துவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை, மூத்தவன் சிகாமணியின் மனைவி கிருபாவதி, "நாளைக்குப் பொங்க அரிசி இல்ல, வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"நாளைக்காகக் கவலைப்படக் கூடாதுன்னு வேதம் சொல்லுது" என்றான் சிகாமணி, அவளுடைய விசுவாசக் குறைவை எண்ணி வருந்தியபடி.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தான். தட்டு வந்தது. சோறு வரவில்லை.

"கவலைப்பட வேண்டாம்னீங்க. நானும் படல" என்றாள் கிருபாவதி.

சிகாமணிக்குக் காது சிவந்துவிட்டது. "உன் கையால இனி பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்குக் காலையில எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

சத்தம் கேட்டு, தெருவோடு போன சபை உபதேசியார் சைக்கிளை நிறுத்தினார். "பொழுது அடையறதுக்குள்ள கோபத்த விட்டுரணும். வேதத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

சிகாமணி இடிந்துபோய் உட்கார்ந்தான். கோபத்தை விடவும் மனமில்லை, வேதத்தை மீறவும் பயம்.

பக்கத்தில் இருந்த தம்பி அறிவானந்தம் வெகுநேரம் யோசித்தான். "பொழுது அடைஞ்சாத்தானே அண்ணே கோபத்த விடணும்?"

"ஆமா."

"அடையாட்டா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் மேற்குச் சன்னலைச் சாத்தினார்கள். பார்க்க ஆளில்லாவிட்டால் சூரியன் எப்படி அடையும்? ஆனால் ஐந்தரை மணிக்குக் கோழி கூட்டுக்குள் போயிற்று. ஞானதீபம் அதை வெளியே எடுத்து, இன்னும் பொழுது இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினான். கோழி ஒப்புக்கொள்ளவில்லை.

"பனை உச்சியில பொழுது பிந்தித்தான் அடையும்" என்றான் அறிவானந்தம்.

சிகாமணி கொல்லைப் பனையில் ஏறினான். மரத்தைக் கட்டிக்கொண்டு, கோபம் ஆறிவிடாமல் பார்த்துக்கொண்டான். காலி வயிறு அதற்கு ஒத்தாசையாக இருந்தது.

கிருபாவதி பக்கத்து வீட்டில் அரிசி வாங்கிச் சோறு பொங்கினாள். மீன்குழம்பு கொதிக்கும் வாசனை மெதுவாக மரத்தில் ஏறியது.

"அண்ணே, கீழ அடைஞ்சிட்டு" என்றான் ஞானதீபம்.

"இங்க அடையல."

நிழல் மரத்தில் ஏறி அவன் பாதத்தைத் தொட்டது.

"உங்க காலுக்கு இப்ப அடைஞ்சிட்டு. காலு மன்னிச்சாகணும்" என்றான் ஞானதீபம்.

சிகாமணி நேர்மையானவன். கால்கள் இரண்டும் மன்னித்தன. பிறகு முழங்கால், அப்புறம் இடுப்பு. வயிறு மட்டும் நிழல் வரும் முன்பே மன்னித்துவிட்டது. தலைதான் கடைசிவரை முரண்டு பிடித்தது. அதற்கும் அடைந்ததும் அவன் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை நீட்டினான். விரல் நுனியில் வெயில் இருந்தது.

"விரலுக்கு அடையல" என்றான் திருப்தியோடு.

அந்த விரலை நீட்டியபடியே நெஞ்செல்லாம் சிராய்க்க இறங்கி வந்தான். கிருபாவதி சோறு போட்டாள். மற்ற விரல்களால் பிசைந்து சாப்பிட்டான்.

"அந்த விரலுக்கு என்ன?"

"அது உன்மேல கோபமா இருக்கு."

அவள் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மத்ததெல்லாம்?"

"மத்ததுக்கெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தலையைக் குனிந்துகொண்டான். "நீ போகாத."

அவள் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

சாப்பிட்டதும் குடும்ப ஜெபம். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். சிகாமணி ஒன்பது விரல்களைக் கோத்துக் கும்பிட்டான். அந்த ஒரு விரலின் மனந்திரும்புதலுக்காக அறிவானந்தம் கண்ணீரோடு கால் மணி நேரம் ஜெபித்தான். அதற்குக் கேட்கட்டும் என்று ஞானதீபம் அதன் பக்கத்தில் குனிந்து "ஆமென்" சொன்னான்.