ஜூன் ஒன்றில் பிறந்தவர்

மக்கள்தொகைக் கணக்கைச் சரிபார்க்க வந்த அதிகாரி தணிகாசலம் கொதித்துப்போனார். "ஊர் மொத்தமும் நாப்பது, அம்பது, அறுபதுன்னா எப்படி? நாப்பத்திமூணு வயசுல ஒருத்தர்கூடவா இல்ல? சரியான வயசு சொல்லாம யாரும் கடலை பிடுங்கப் போகக்கூடாது!"

கூலி போய்விடுமே என்று இருளாயி முன்னால் வந்தாள். "ஐயா என்னைக்குப் பொறந்தீக?"

"ஜூன் ஒண்ணு. சான்றிதழே இருக்கு."

"பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கா? எங்க வாத்தியாரும் எல்லாப் பிள்ளைக்கும் அதே தேதிதான் போடுவாரு. கை தலையச் சுத்திக் காதத் தொட்டா அஞ்சு வயசு!"

கூட்டம் சிரித்தது. தணிகாசலத்துக்குத் தன் பள்ளிக்கூட வாசல் கண்ணில் வந்தது. அன்று கை எட்டவில்லை. அம்மாதான் வாத்தியாருக்குத் தெரியாமல் மகன் தலையைச் சாய்த்துவிட்டாள்.

"சொன்ன வயசே இருக்கட்டும், போங்கம்மா" என்றார்.

எல்லாரும் போனபின் வலக்கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். இப்போது எட்டியது.