கயிற்றைத் தேர்ந்தவன் படகில் ஏறட்டும்

முன்னொரு காலத்தில், மரக்கலங்கள் காற்றை நம்பி ஓடிய நாளில், வெண்கரை என்றொரு துறைப்பட்டினம் இருந்தது. அங்கே நடந்த ஓர் அநியாயத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தத் துறையில் படகுகளைத் தென்னை நார்க் கயிற்றால்தான் கட்டுவார்கள். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் உவர்நீரில் ஊறப்போட்டு, அடித்து, நார் பிரித்து, மணிக்கட்டுப் பருமனுக்கு முறுக்குவார்கள். பார்வைக்கு அது அழகில்லை. கறுத்துக் கிடக்கும், பிடித்தால் கையைக் கீறும். ஆனால் அலை இழுத்தால் நீளும், அலை விட்டால் சுருங்கும், உப்புநீரில் எளிதில் அழுகாது.

அந்தக் கயிற்றை முறுக்குபவள் தத்தை. அவள் தம்பி கீரன் உப்புப் படகு ஓட்டினான்.

துறைக்குத் தலைவனாக இருந்தவன் பெருஞ்சாத்தன். துறைக்குத் தலைவன்தான், ஆனால் கடலில் ஒருநாளும் கால் நனைத்தவன் அல்லன். கடல்விழாவுக்கு அரசர் வருகிறார் என்று செய்தி வந்ததும் அவன் கரையைச் சுற்றிப் பார்த்தான். கல்தூண்களில் சுற்றிக் கிடந்த கறுத்த கயிறுகள் அவன் கண்ணை உறுத்தின. உடனே பறை அறைவித்தான். இனி எல்லாப் படகுகளையும் விரல் பருமனுள்ள வெண்பருத்திக் கயிற்றால்தான் கட்ட வேண்டும். நார்க்கயிறு கண்ணில் பட்டால் எரிக்கப்படும் என்றான்.

படகோட்டிகள் மூன்று முறை அவனிடம் போனார்கள்.

முதல் முறை, மெல்லிய கயிறு பெரிய அலையைத் தாங்காது என்றார்கள். உங்களுக்கு அழகு தெரியாது என்றான் அவன். இரண்டாம் முறை, கல்தூணில் உரசினால் பருத்தி இரண்டே மாதத்தில் பிரிந்துபோகும் என்றார்கள். அப்படியானால் உரசாமல் கட்டுங்கள் என்றான். மூன்றாம் முறை போனபோது வாயிற்காவலர் கோலால் தள்ளி விரட்டினார்கள்.

விழா வந்தது. அரசர் வந்தார். வெள்ளை வெளேரென்று கிடந்த துறையைப் பார்த்து மகிழ்ந்தார், போனார். ஆணை மட்டும் போகவில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒரு முற்பகலில் காற்று சீறி எழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு படகுகள் அறுத்துக்கொண்டு ஓடின. கீரன் அப்போது தன் படகில் நின்று உப்பு மூட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். படகு அவனோடு பாறையில் போய் மோதியது. அவன் உடலைக் கடல் மறுநாள்தான் தந்தது.

அதற்குப் பிறகு பெருஞ்சாத்தன் செய்ததைக் கேளுங்கள். படகோட்டிகள் முடிச்சைச் சரியாகப் போடவில்லை, அதனால்தான் படகுகள் போயின என்றான். அன்று படகுகளைக் கட்டிய மூன்று பேரைப் பிடித்து விலங்கிட்டான். செத்தவன் வீட்டில் அழுகை ஓயவில்லை, உயிரோடிருந்தவர்களைச் சிறையில் அடைத்தான்! கயிறு மெல்லியது என்றீர்களே, இனி இரும்புச் சங்கிலியால் கட்டுங்கள் என்று புதிய ஆணையும் போட்டான். அதையும் அவன் எந்தப் படகோட்டியிடமும் கேட்டுப் போடவில்லை.

தத்தை கல்தூணிலிருந்து தன் தம்பியின் படகைக் கட்டிய கயிற்றுத்துண்டை முடிச்சு அவிழாமல் கழற்றி எடுத்தாள். மூன்று நாள் நடந்து தலைநகருக்குப் போனாள். அரசர் முன்னே அதை வைத்தாள்.

"முடிச்சைப் பாருங்கள், அரசே. போட்டபடியே இருக்கிறது. அறுந்தது கயிறு. கயிற்றைத் தேர்ந்தவர் வெளியே இருக்கிறார், முடிச்சுப் போட்டவர்கள் சிறையில் இருக்கிறார்கள்."

அரசர் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அன்றே வெண்கரைக்குப் புறப்பட்டார்.

காற்று எழுந்த ஒரு காலையில் மூன்று படகுகளைத் துறையில் நிறுத்தச் சொன்னார். ஒன்றைப் பருத்திக் கயிற்றால் கட்டினார்கள். ஒன்றைச் சங்கிலியால் கட்டினார்கள். மூன்றாவதைத் தத்தை நார்க்கயிற்றால் கட்டினாள். அலை ஏறி இறங்கக் கொஞ்சம் தளர்வு விட்டாள், கல்லில் உரசும் இடத்தில் தோலைச் சுற்றினாள். பிறகு அந்தப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"வெறும் படகு போனால் யாருக்கும் வலிக்காது, அரசே. கயிற்றைத் தேர்ந்தவர் படகில் ஏறட்டும்" என்றாள்.

அரசர் பெருஞ்சாத்தனைப் பார்த்தார். இரண்டும் நீ தேர்ந்தவை, எதில் வேண்டுமானாலும் ஏறு என்றார். தலை சுற்றுகிறது என்றான் அவன். ஏறு என்றார் அரசர். துறைத்தலைவன் மீன் படகில் உட்காருவது பதவிக்கு இழுக்கு என்றான். ஏறு என்றார் அரசர் மறுபடியும். அவன் மணலில் விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

பார்த்தீர்களா? கயிற்றின் தரம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. தன் உயிர் என்றதும் நன்றாகவே தெரிந்தது!

இரண்டு படகுகளும் வெறுமையாகவே நின்றன. காற்று வலுத்தது. பருத்திக் கயிறு சற்று நேரத்தில் அறுந்தது. சங்கிலி அறுபடவில்லை, ஆனால் அது இம்மியும் நீளாததால் ஒவ்வோர் அலையும் படகைச் சுண்டி இழுத்தது. கடைசியில் சங்கிலி கட்டிய முன்கட்டை பெயர்ந்து, பலகை பிளந்து படகு மூழ்கியது. நார்க்கயிறு நீண்டது, சுருங்கியது, நீண்டது. தத்தை நனைந்தபடி கரையேறினாள்.

அரசர் அவளைப் புகழ்ந்து, வேண்டியதைக் கேள் என்றார்.

"அந்தக் கயிறு உங்கள் கண்ணுக்காக வெளுத்தது. துறை அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். படகோட்டி ஒருவனைக் கூப்பிட்டு, இது தாங்குமா என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் என் தம்பி இருந்திருப்பான்" என்றாள் தத்தை.

அரசர் தலைகுனிந்து நின்றார். பிறகு சிறைக்கு நடந்துபோய், மூன்று பேரின் விலங்கையும் தம் கையாலேயே கழற்றினார். பெருஞ்சாத்தனின் பதவியைப் பறித்தார். இனித் துறைக்குக் கயிறு தேர்பவர் யாராயினும், காற்று வீசும் நாளில் அந்தக் கயிற்றில் கட்டிய படகில் முதலில் தாம் அமர வேண்டும் என்று கல்லில் பொறிக்கச் செய்தார்.

நல்ல சட்டம்தான். அதைக் கொண்டுவர ஓர் உயிர் போக வேண்டியிருந்ததே என்றுதான் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறர் உயிரைத் தாங்கும் பொருளைத் தேர்பவன், முதலில் தன் உயிரை அதில் கட்டிப் பார்க்க வேண்டும்.