மேலே ஒரு கட்சி, கீழே ஒரு கட்சி

ஒரு காட்டில், ஊற்றுக்குப் பக்கத்தில் பெரிய அத்திமரம் ஒன்று இருந்தது. மரத்தின் மேலே மந்திக்கூட்டம். மரத்தின் கீழே மான்கூட்டம்.

மந்திகள் பழம் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றைப் பறிக்கும், ஒரு கடி கடிக்கும், மீதியைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டும். கொழுந்து இலையும் அப்படித்தான். அப்படி விழுந்ததைத் தின்றே மான்கள் கோடையைக் கடத்திவிடும்.

மான்களும் சும்மா தின்றுவிடவில்லை. மந்திக்குக் கண் கூர்மை, மானுக்கு மூக்குக் கூர்மை. தூரத்தில் சிறுத்தை தெரிந்தால் மந்தி மேலிருந்து குரைக்கும். மான்கள் ஓடித் தப்பிக்கும். புதருக்குள் சிறுத்தையின் வாடை அடித்தால் மான் கத்தும். தண்ணீர் குடிக்க இறங்கிய மந்திகள் தாவி மரமேறிக்கொள்ளும். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பழகிப் பழகி வந்தது.

மந்திகளுக்குப் பெரியவர் மாதிரி இருந்தது கொண்டையன். மான்களில் சொக்கி என்று ஒரு பெண்மான். அந்த வருஷம்தான் அதற்குத் தலைச்சன் குட்டி பிறந்திருந்தது. சொக்கி கொண்டையனை ‘அண்ணே’ என்று கூப்பிடும். கொண்டையன் சொக்கியை ‘வாடி, போடி, தங்கச்சி’ என்றுதான் கூப்பிடும்.

இப்படி இருக்கையில் ஊற்றுத் தலைவர் தேர்தல் வந்தது. கோடையில் யார் எப்போது தண்ணீர் குடிப்பது, காட்டின் எந்தப் பக்கத்தை எதற்கு விடுவது என்றெல்லாம் முடிவு செய்வது தலைவர்தான். கரடி நின்றது, சின்னம் தேன்கூடு. காட்டெருமை நின்றது, சின்னம் புல்கட்டு. ஊற்றைச் சுற்றி அத்தியும் நாவலும் வளரவிட்டுப் பெரிய தோப்பாக்குவேன் என்றது கரடி. புதரையெல்லாம் மிதித்துத் தள்ளி, சரிவு முழுக்கப் புல்வெளியாக்குவேன் என்றது காட்டெருமை.

மேலே இருந்த மந்திகள் தேன்கூட்டுப் பக்கம் போயின. கீழே இருந்த மான்கள் புல்கட்டுப் பக்கம் போயின. அதிலே ஒரு தப்பும் இல்லை. அவரவர் வயிறு அவரவருக்கு.

முதலில் பேச்சு சிரிப்பாகத்தான் இருந்தது.

“பொருளாதாரம்னா என்னன்னு தெரியுமாடி சொக்கி? மேல செழிச்சாத்தான் கீழ விழும். மரம் பெருகினா எனக்கும் பழம், உனக்கும் பழம்.”

“விழுந்தா சரி அண்ணே. நீங்க அசந்து தூங்கிட்டா? எங்க சாப்பாடு எங்க கால்மட்டத்துல முளைக்கட்டுமேன்னு கேக்குறோம்.”

“புல்லு மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும். அதை நம்பி ஒரு காடா?”

“மரம் மட்டும் என்னவாம்? இன்னைக்கு விதை விழுந்தா என் பேரன் வாயிலதான் பழம் விழும்.”

இரண்டும் இப்படிப் பேசிக்கொண்டே பொழுதைப் போக்கின. பேச்சுக்கு நடுவே பழம் விழுந்துகொண்டேதான் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு மைனாவும் இருந்தது. கரடியின் கூட்டத்தில் கேட்டதைக் காட்டெருமையின் கூட்டத்தில் சொல்லும். அங்கே கேட்டதைக் கொஞ்சம் காரம் சேர்த்து இங்கே வந்து சொல்லும். மந்திகள் இல்லையென்றால் மான்கள் பட்டினிதான் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள் என ஒருநாள் அது மான்களிடம் சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

சொக்கிக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றைய பேச்சில் அது வாயை விட்டுவிட்டது. “உங்க எச்சிலைத் தின்னுக்கிட்டே நாங்க காலம் தள்ளணுமா?”

கொண்டையனின் கையில் பாதி தின்ற பழம் இருந்தது. அதைக் கீழே போடவில்லை. “எச்சில்னு இத்தனை வருஷம் தெரியலையாக்கும்” என்றது.

அந்தப் பழத்தோடு கொண்டையன் மேல்கிளைக்கு ஏறிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் சொக்கி குட்டியோடு மரத்தடிக்கு வந்தது. கொண்டையன் எட்டிப் பார்த்து, “வாங்க அம்மணி. உங்க புல்வெளிக்குப் போகலீங்களா?” என்று கேட்டது. ‘வாடி’ போய் வந்த இந்த ‘வாங்க’, எச்சில் பேச்சை விடப் பெரிய குத்தாக இருந்தது சொக்கிக்கு. குட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியது. அன்றே மான்கூட்டம் மொத்தமும் மரத்தடியை விட்டுச் சரிவுப் பக்கம் போய்விட்டது. அங்கே புல் இருந்தது. தலைக்கு மேலே மரம்தான் இல்லை. அதற்குப் பிறகு ஊற்றங்கரையில் எதிர்ப்பட்டாலும் கொண்டையன் சொக்கியை ‘அம்மணி’ என்றுதான் கூப்பிட்டது.

மந்திகளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. பாதிப் பழத்தைக் கீழே போடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டன. எடுத்த பழத்தை எல்லாம் முழுசாகத் தின்று தின்று, வயிறு உப்பி, கிளையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கொள்கை பேசின.

அத்தோடு விட்டிருக்கலாம். சரிவில் காட்டெருமையின் கூட்டம் நடந்த ஒருநாள், மந்திகளில் நாலைந்து விடலைகள் ஓரத்து மரத்தில் ஏறிக்கொண்டு, சிறுத்தை வந்ததைப் போலக் குரைத்தன. மான்கள் விழுந்தடித்து ஓடின. வறட்சியை ஒழிப்பேன் என்று கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்த காட்டெருமை, கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே ஒரு குருவி கூட இல்லை. மந்திகள் உருண்டு உருண்டு சிரித்தன. கண்டிக்க வேண்டிய கொண்டையனும் சேர்ந்து சிரித்தது.

ஓடி இளைத்துத் திரும்பி வந்த மான்கள் ஒரு முடிவெடுத்தன. இனிமேல் மந்தி என்ன குரைத்தாலும் ஒரு அடி நகர்வதில்லை.

இதையெல்லாம் சிறுத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதனிடம் யாரும் ஓட்டுக் கேட்டுப் போகவில்லை. அதுவும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு கட்சிக் கூட்டத்தையும் புதருக்குள் படுத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டது.

தேர்தலுக்கு முதல் நாள் சாயங்காலம். சரிவில் காட்டெருமையின் கடைசிக் கூட்டம். சொக்கி கடைசி வரிசையில் நின்றது. அதற்குப் பின்னால், உயரமான புல்லுக்குள் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. காற்று மான்கள் பக்கமிருந்து புதர்ப் பக்கம் வீசியது. அதனால் எந்த வாடையும் சொக்கியின் மூக்குக்கு வரவில்லை.

அத்திமரத்து உச்சியில் இருந்த கொண்டையன் கண்ணில் அது பட்டது. புல் தானாக விலகுகிறது. விலகிய புல் குட்டி படுத்திருந்த இடத்தை நோக்கி மெல்ல மெல்லப் போகிறது. நடுவில் ஒரு மஞ்சள் முதுகு.

கொண்டையன் குரைத்தது.

மான்களின் காதுகள் ஆடின. யாரும் நகரவில்லை. “கடைசி நாள்ல கூட்டத்தைக் கலைக்கப் பாக்குறாங்கப்பா. அசையாதீங்க” என்றது ஒரு கலைமான். சொக்கியும் காதைத் திருப்பிக்கொண்டது.

கொண்டையன் தொண்டை கிழியக் குரைத்தது. மேடையில் இருந்த காட்டெருமை கூட, “எதிர்க்கட்சி நண்பர்கள் அமைதி காக்கணும்” என்றது.

நாம் சிரித்த சிரிப்பு இப்போது ஒரு குட்டியின் உயிருக்கு வந்து நிற்கிறதே என்று கொண்டையனுக்குப் பகீரென்றது. கிளைக்குக் கிளை தாவிக் கீழே இறங்கியது. மந்தி தரையில் ஓடுவது அதன் உயிருக்கே ஆபத்து. இருந்தாலும் ஓடியது. சரிவின் ஓரத்தில் இருந்த கடைசி மரத்தில் தொற்றிக்கொண்டு, இந்தத் தடவை குரைக்காமல் கூப்பிட்டது.

“ஏடி சொக்கி! குட்டிய எழுப்புடி, பின்னால வர்றான்டி தங்கச்சி!”

எத்தனையோ நாளாக அம்மணி, அம்மணி என்று கேட்டு மரத்துப்போன காது அது. கூட்டத்தைக் கலைக்க வந்தவர் எவரும் இந்தக் குரலில் கூப்பிட மாட்டார் என்று சொக்கிக்குத் தெரியும். யோசிக்கும் முன்னே கால் திரும்பிவிட்டது. சொக்கி அலறிய அலறலில் குட்டி துள்ளி எழுந்தது. மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. சிறுத்தை தாவியபோது அதன் நகத்தில் வெறும் புல்தான் மாட்டியது. காட்டெருமை பேச்சை நிறுத்திவிட்டுக் கொம்பைத் தாழ்த்தியது.

சிறுத்தை பாதத்தை உதறிக்கொண்டு, “தேர்தல் முடியறதுக்குள்ள ராசியாயிட்டீங்களே” என்று அலுத்துக்கொண்டே போய்விட்டது.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த கொண்டையனிடம் சொக்கி குட்டியோடு வந்தது.

“இத்தனை நாளா அம்மணி. இன்னைக்கு மட்டும் என்ன ‘டி’?”

“வாயில வந்துருச்சு” என்றது கொண்டையன், எங்கேயோ பார்த்தபடி. “பசங்க குரைச்சப்ப நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

“எச்சில்னு நானும்தான் சொல்லிட்டேன் அண்ணே.”

மறுநாள் இரண்டும் ஒன்றாகவே ஊற்றுக்குப் போயின. அங்கே ஓட்டு என்றால் கரையில் நிற்பதுதான். தேன்கூட்டுக்கு ஒரு கரை, புல்கட்டுக்கு எதிர்க்கரை. கரை வந்ததும் கொண்டையன் இந்தப் பக்கம் போனது, சொக்கி அந்தப் பக்கம் போனது. கிழட்டுப் பெண்யானை இரு கரையையும் நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டு, காட்டெருமை ஜெயித்ததாகச் சொன்னது.

அடுத்த நாள் காலையில் சொக்கி அத்திமரத்தடியில் வந்து கொஞ்சம் தயங்கி நின்றது.

“தோத்த கட்சி வீட்டுல சாப்பாடு உண்டா அண்ணே?”

“ஜெயிச்ச கட்சிக்கு இங்க கேள்வி கேட்டுட்டுத்தான் பழம். உங்க ஆளு சொன்ன புல்லு எங்கடி? ஒரு ராத்திரி ஆச்சே, இன்னும் முளைக்கலையா?”

“முளைக்கும், முளைக்கும். உங்க கரடி சொன்ன தோப்பு முளைக்கிறதுக்கு முன்னாடி முளைக்கும்.”

கொண்டையன் பழத்தில் ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் கீழே விட்டது. அது நேராகக் குட்டியின் மூக்கில் விழுந்தது. குட்டி தும்மிவிட்டு அதைத் தின்றது. மேலேயும் கீழேயும் அன்று இருட்டும்வரை வாதம் ஓயவே இல்லை. பழமும் ஓயவில்லை.

யார் ஆள வேண்டும் என்பதில் பக்கத்தில் வாழ்கிறவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் மாறுபடலாம். ஆபத்து நேரத்தில் ஒருவர் குரலை இன்னொருவர் நம்ப முடியாத அளவுக்கு மட்டும் அந்தச் சண்டையை வளர்த்துவிடக் கூடாது.