டைல்ஸ் இடுக்கில் முளைத்த பச்சை

தோட்டத்தில் ஒரு புல்கூடத் தலை நீட்டக் கூடாது என்று டைல்ஸ் தளம் போட்டவர் பல்லடத்து மில் முதலாளி அர்த்தநாரி. போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மகளுக்கு நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த நேரத்தில் பார்த்தால், இடுக்கெல்லாம் பச்சை எட்டிப் பார்த்தது.

"களை வராம பார்த்துக்கச் சொன்னேனே, என்ன கிழிச்சே?" என்று எல்லோர் முன்னாலும் தோட்டக்காரி செல்லாத்தாளைப் பார்த்துக் கத்தினார். "இன்னிக்கே மூட்டையக் கட்டு!"

தங்கியிருந்த தோட்டத்து அறையை விட்டால் அவளுக்குப் போக வேறு இடமில்லை.

"கோரைக் கிழங்கெல்லாம் தோண்டி எடுத்துட்டுத்தானுங்க கனமான ஷீட் விரிச்சோம். அதுக்கு மேல ஜல்லி, மணல். களை ஒண்ணுகூட வரலீங்க."

"அப்ப இதென்ன?"

"இது பச்சைப்பயறுங்க. அங்க இருக்கறது கொள்ளு. டைல்ஸ் பதிக்கறதுக்கு முந்தி, குடும்பம் தழைக்கோணும்னு மணல் மேல நவதானியம் தூவினீங்களே, அதுதானுங்க. பட்டு வேட்டி கட்டி, சாமி கும்பிட்டு நீங்க தூவினத நானா எப்படீங்க பிடுங்கறது? நல்ல காரியம் பேசற நாள் வேற. நீங்க வாயால சொன்னா இப்பவே பிடுங்கிடறனுங்க."

மாப்பிள்ளையின் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அர்த்தநாரிக்குக் காது மடல் சுட்டது. "இன்னொரு கைப்பிடி கொண்டா" என்று அன்று தாமே கேட்டு வாங்கித் தூவியது நினைவுக்கு வந்தது. பிடுங்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. செல்லாத்தாளின் முகத்தைப் பார்க்கவும் கூசியது. செடியிடம் பேசுவதுபோல் தரையைப் பார்த்து முனகினார்:

"வாடுது பாரு... நீயே தினம் கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா."