யானைக்கல் மடுவில் விடாத மீன்

"அம்மா, நான் ஒருத்தனை வருஷக்கணக்காப் பட்டினி போட்டுக்கிட்டு வர்றேன். பாவி, இன்னும் இளைக்கவே மாட்டேங்கிறான்" என்றார் மாசிலாமணி.

ஓடைக்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த குரு தலை நிமிரவில்லை. அவருக்கு மாசிலாமணியின் மகள் வயதுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கரைக்கு வந்து கீழே உட்காருவதில் மாசிலாமணிக்குக் கூச்சம் இருந்ததில்லை. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

"யாரைண்ணா?"

"தேயிலை ஃபேக்டரி டீமேக்கர் செல்லதுரையை."

மாசிலாமணி மலைமேல் இருக்கும் அரசு மீன் பண்ணையில் வேலை பார்ப்பவர். டிரவுட் என்னும் குளிர்நீர் மீனின் முட்டையைப் பொரிக்கவைத்து, குஞ்சு விரல் நீளம் ஆனதும் கேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஓடையில் விடுவார்கள். ஓடை எல்லோருக்கும் பொது. லைசென்ஸ் வாங்கிய எவரும் தூண்டில் போடலாம். ஆனால் எந்த மடுவில் எத்தனை கேன் கொட்டுவது என்பது மாசிலாமணியின் கையில் இருந்தது.

"அவன் தூண்டில் போடுறது தடுப்பணைக்குக் கீழே, யானைக்கல் மடுவுல. அதுல நான் ஒரு குஞ்சு விடுறதில்லை. அத்தனையும் தடுப்பணைக்கு மேலேதான் கொட்டுறேன். டிரவுட் எதிர்நீச்சல் மீன். மேலே ஏறத்தான் அதுக்குத் தெரியும், கீழே இறங்காது. காலி மடுவுல அவன் காத்துக் கிடக்கட்டும்."

"என்ன செஞ்சார் அவர்?"

"ஒருதடவை வண்டி ரிப்பேராகி வெயில்ல நின்னு, கேன் தண்ணி சூடாயிருச்சு. மடுவுல விட்டதும் பாதி மீன் செத்து மிதந்துச்சு. அதுக்கு பஜார்ல, டீக்கடை வாசல்ல நின்னு கத்துறான். நல்ல மீனை வித்துத் தின்னுட்டுச் செத்த மீனைக் கொண்டாந்து கொட்டிட்டேனாம். என் மருமகன் அங்கேதான் வடை தின்னுக்கிட்டு நின்னார்."

"முழுசாத் தின்னாரா?"

"பாதியிலயே வெச்சுட்டுப் போயிட்டாரும்மா. அந்தப் பாதி வடை இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

குரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப என்ன வேணும்ணா?"

"நாளைக்கு நான் குஞ்சு ஏத்திக்கிட்டுப் போற கடைசி வண்டி. அதோட எனக்கு ரிட்டயர்மென்ட். அவனும் இந்த வாரக் கடைசியில கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்குக் குடி போறான். போறதுக்கு முன்னாடி அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு, உன் மடுவைக் காய வெச்சது நான்தான்டான்னு சொல்லணும். அவன் முகம் சுருங்குறதைப் பார்த்தாத்தான் என் வயிறு குளிரும். சொல்லலாமா?"

"சொல்லுங்களேன். நானும் வர்றேன்."

மாசிலாமணி இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்பார், பொறுத்துப் போகச் சொல்வார், நாமும் முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று வந்திருந்தார். வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துப் பார்த்தார். 'டா' போடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் சந்தேகம் இருந்தது.

யானைக்கல் மடுவில் செல்லதுரை தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உன்கிட்ட... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் மாசிலாமணி.

"நான் முந்திக்கிறேனுங்க. ரொம்ப நாளா எனக்கும் ஒண்ணு சொல்லணும்."

செல்லதுரை கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினார். உள்ளே இரண்டு டிரவுட், முழங்கை நீளம்.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். பண்ணை மீன் என்று அடையாளம் தெரிவதற்காக, முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னத் துடுப்பைக் குஞ்சிலேயே கத்தரித்துவிடுவார்கள். மற்றவர்கள் வெட்டினால் வெட்டு நேராக இருக்கும். மாசிலாமணி இடதுகைக்காரர். அவர் வெட்டினால் ஒரு பக்கமாகச் சாயும்.

இரண்டு மீனிலும் வெட்டு சாய்ந்திருந்தது.

"இந்த மடுவுல நான் பிடிச்சதெல்லாம் பெரும்பாலும் இந்த வெட்டுதான். பண்ணையில விசாரிச்சேன். இடதுகைக்காரர் நீங்க ஒருத்தர்தானாமே" என்றார் செல்லதுரை. "அன்னிக்கு பஜார்ல நாய் மாதிரி குரைச்சேன். வண்டி ரிப்பேரான விஷயம் மறுநாளே தெரிஞ்சுபோச்சு. உங்க முன்னாடி வந்து நிக்க மூஞ்சி இல்லை. நீங்க என்னடான்னா, அதுக்கப்புறமும் என் மடுவுக்கு மீனைக் குறைக்கலை. இதெல்லாம் எல்லாருக்கும் வந்துராதுங்க. என்னை மன்னிச்சிருங்க. இதை வீட்டுக்குக் கொண்டு போங்க. மருமகப்பிள்ளைக்கும் கொடுத்தனுப்புங்க."

மாசிலாமணி இரண்டு மீனையும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?"

மாசிலாமணி குருவைப் பார்த்தார். குரு ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி... இன்னிக்கு நல்லா ஓடுது" என்றார் மாசிலாமணி.

"ஆமாங்க, நல்ல ஓட்டம்" என்றார் செல்லதுரை.

திரும்பும் வழியில் மாசிலாமணி மீனை இலையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார். தடுப்பணை அருகே குரு நின்றார். அணைக்குமேல் ஓடையில் விரல் நீளக் குஞ்சு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"மூஞ்சி எந்தப் பக்கம்ணா?"

"மேலே."

"மீன் போறது எந்தப் பக்கம்?"

மாசிலாமணி உற்றுப் பார்த்தார். குஞ்சு மேலே பார்த்தபடியே, எதிர்த்து நீந்தியபடியே, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சரிந்து வந்தது. அணையின் விளிம்புக்கு வந்ததும் தண்ணீரோடு வழுக்கிக் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் மறுபடி மேலே பார்த்து நின்றுகொண்டது.

மாசிலாமணிக்கு முதலில் வயிறு குலுங்கியது. பிறகு சிரிப்பு வெளியே வந்தது. அணைச் சுவரில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்த கல்லின் கயிற்றை யாரோ அறுத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்பாடா என்று காலை நீட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகம் மாறியது.

"ஆனா, அவர் சொன்ன அந்த நல்ல ஆள் நான் இல்லையேம்மா?"

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு வண்டி இருக்குதுல்லண்ணா?"