திருச்சி வரைக்கும் இழுத்த ட்யூப்

பூபாலன் அண்ணனுக்கு ப்ராஜெக்ட் மார்க் வேணும். போட்டியில பேரு இல்லாத மூணாம் வருசத்துக்காரங்களுக்கு மார்க் கிடையாதுன்னு எங்க பாலிடெக்னிக் ஹெச்ஓடி கறாராச் சொல்லிட்டாரு. எங்க டீம்ல ஒரு எடம் காலி. ஒரு மணிக்குள்ள ஃபாரம் குடுக்கணும். பன்னெண்டே முக்காலுக்கு ஒர்க்‌ஷாப்புக்குள்ள வந்து நின்னாரு. எடம் கேட்டு வந்த மனுசன் மாதிரியா வந்தாரு?

"என்னங்கடா இது, எலிப்பொறியா?"ன்னு எங்க லாஞ்சரக் காலால ஒரு தட்டு. வேஸ்ட் பொருள்ல பந்து எறியிற மிஷின் செய்யணும், பத்தடி தள்ளி இருக்குற பக்கெட்டுல பந்து விழணும், போட்டி அம்புட்டுத்தான். அதுக்காக ஒடஞ்ச சேரு, பழைய சைக்கிள் ட்யூப்புன்னு மூணு நாளாக் காயலான் கடையில பொறுக்கியிருக்கோம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"போன வருசம் நான் ஒண்ணு செஞ்சேன் பாரு, அது லாஞ்சரு! ஒரு கிழிஞ்ச குடை, ஹாஸ்டல் குக்கர் கேஸ்கெட்டு, ஒரு ட்யூப்பு. மொதப் பந்து தண்ணி டேங்கத் தாண்டிருச்சு. ரெண்டாவது கொடைக்கானல் ஏரியில போய் விழுந்துச்சு. படகுக்காரரு போன் போட்டுத் திட்டுறாரு."

"அவருக்கு உங்க நம்பர் எப்படிண்ணே தெரியும்?"ன்னேன்.

"பந்துல எழுதியிருந்தேன்டா ஹக்கீமு. பேரு, நம்பரு, டிப்பார்ட்மெண்ட்டு, வீட்டு அட்ரஸு."

டேபிள் டென்னிஸ் பந்துல! விட்டா ஜாதகத்தையும் எழுதியிருப்பாரு.

"இதுக்கே சிரிச்சா எப்படி? மூணாவது பந்துக்கு ட்யூப்ப இழுத்தேன். இழுத்துக்கிட்டே பின்னால நடக்குறேன், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டே வந்துருச்சு. கால் வலி தாங்கல. திருச்சி பஸ்ல ஏறிட்டேன்."

"ட்யூப்போடயா?"

"பின்ன? கடைசி சீட்டு, பின்னாடி ஜன்னல் வழியா. ட்யூப்புக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி கண்டக்டரு ஒரே சண்ட. திருச்சியில எறங்கி விட்டேன் பாரு! பந்து மேற்க பறந்துச்சு. கேரளா, கடலு, அரேபியா, எதுலயும் நிக்கல. மறுநாள் காலையில கெழக்க இருந்து வந்து நம்ம லாஞ்சர்லயே உக்காந்துச்சு. ஒலகத்தையே ஒரு சுத்து! அந்தப் பந்துச் சூட்டுல ஹாஸ்டல் சமையல் மாஸ்டரு நாப்பது ஆம்லெட் போட்டாரு."

எங்க கேப்டன் டெல்பின் ஃபாரத்த இழுத்து வச்சுக்கிட்டு, "பக்கெட்டுல ஏதாச்சும் விழுந்துச்சாண்ணே?"ன்னா.

"பக்கெட்டா? பத்தடிக்கு நான் எதுக்கும்மா? அதெல்லாம் எல்கேஜி வெளாட்டு. மணியாகுது, பேர எழுது. கேப்டன்னே எழுதிக்க, எனக்கு ஆட்சேபணை இல்ல."

பேருக்கு நேரா என்ன வேலைன்னும் ஃபாரத்துல போடணும். டெல்பின் எழுதி அவரு கையில குடுத்தா. படிச்சவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. 'பூபாலன், பந்து பொறுக்குபவர்.' அவருக்கு நல்லா வேணும்னு எனக்கு இருந்துச்சு.

"ஏம்மா, இதுக்கு... மார்க் உண்டுல்ல?" கொரலே எறங்கிருச்சு.

"உண்டுண்ணே. எங்க பந்து பூராம் பக்கெட்டுலதான் விழும். நீங்க வாய மூடிக்கிட்டு ஓரமா நின்னாப் போதும்."